பி பிளாக் எழும்பின வருசம்

நம்புறவுக நம்பட்டும். நம்பாதவுக மதுரைக்கு வந்து, எங்க குடியிருப்புக்குள்ள நுழைஞ்சு, பி பிளாக் எதுன்னு கேட்டு, படிக்கட்டு நெடுக, நடை நெடுக, ஒவ்வொரு வீட்டு அடுப்புக்கு மேலயும் டவுன் பஸ்ஸுல தொங்குற மாதிரி கைப்பிடி தொங்குதே, அதைக் கண்ணால பாத்துட்டுப் போகட்டும். இப்ப அதுல ஆளாளுக்கு ஈரத்துண்டு காயப்போடுறாங்க. ஆனா அந்த ஒரு வருசம் அதைப் பிடிக்காம எங்க பிளாக்குல ஒருத்தரும் பல்லு கூட விளக்கல.

என் பேரு பஞ்சவர்ணம். கீழ்த்தளத்துல, படிக்கட்டை ஒட்டின வீடு. இட்லி மாவு அரைச்சு விக்கிறேன். வாய் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும், இந்த வாய் இல்லாட்டி இந்தக் கதையை உங்களுக்கு யாரு சொல்றது.

மூணாவது மாடியில தனசீலன்னு ஒருத்தரு இருந்தாரு, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில வேலை. அவரு சம்சாரம் ரூபாவதி. பிள்ளைகுட்டி கிடையாது, சண்டை சச்சரவும் கிடையாது. அந்த மனுசன் கடையில ஊரான் கம்ப்யூட்டரை எல்லாம் சரிபண்ணிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, தன் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ஒரு விளையாட்டு செஞ்சுக்கிட்டு இருந்தாரு. வருசக்கணக்கா செஞ்சாரு. சிவப்பு பனியன் போட்ட ஒரு குட்டைப் பய, பேரு கட்டையன், தலையில தண்ணிக்குடத்தை வெச்சுக்கிட்டு எங்க பிளாக்கு படிக்கட்டுல தாவித் தாவி மொட்டை மாடிக்கு ஏறணும், அதான் விளையாட்டு. வழியில குரங்கு வரும், குக்கர் மூடி பறந்து வரும், கொடியில காயுற சேலை காலைத் தட்டிவிடும். விழுந்தா குடம் உடைஞ்சிரும், திரும்பக் கீழேயிருந்து ஏறணும். எங்க பிளாக்குல மேல் மாடிக்குத் தண்ணி ஏறாது, அவரும் தினம் குடம் தூக்குன ஆளுதானே, வேற என்னத்தைச் செய்வாரு.

"ஏன் தம்பி, இப்ப வர்ற கேமுல மனுசன் மூஞ்சியில வேர்வை கூடத் தெரியுதாம். நீங்க என்ன கட்டம் கட்டமா, கோலப்புள்ளி மாதிரி செஞ்சு வெச்சிருக்கீங்க?"ன்னு நான் ஒருநாள் கேட்டேன்.

"அக்கா, சின்ன வயசுல டி.வி.யில கேசட்டைச் சொருகி ஆடுவோம்ல, அது மாதிரி வேணும்னே செய்யிறது. இதுக்குன்னே ஆளுக இருக்காங்க"ன்னு சிரிச்சாரு.

அந்த ஆளுகள்ல அவரு பொண்டாட்டி கிடையாது. "கடைசியில ஒரு கதவு இருக்கு ரூபா, அதுக்குள்ள உனக்கு ஒண்ணு வெச்சிருக்கேன்"னு சொல்லியிருக்காரு. என்னன்னு கேட்டதுக்கு ஆடிப் பாருன்னுருக்காரு. இவ துணி காயப்போடணும்னு போயிட்டா. எந்தப் பொம்பளையும் அப்படித்தான் போவா, ஈரத்துணியை வாளியில வெச்சுக்கிட்டு யாரு விளையாடுவா.

அப்புறம் ஒரு காலையில, இவ குளிச்சிட்டு வெளிய வந்தா, ஆளைக் காணோம். கடைக்குக் கிளம்பிட்டாரு. பஸ்ஸுக்கு நேரமாச்சோ என்னமோ, ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாரு. பஸ் ஸ்டாப்புலயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சாஞ்சவருதான். வீட்டுக்கு வேட்டி போத்தித்தான் கொண்டுவந்தாங்க.

ரூபாவதி அழுகல. ஊரே அழுதுச்சு, நான் அழுதேன், அவ அழுகல. அவங்க சாதிசனம் வந்து கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வெச்சு, மாரடிச்சு, "அழுடி, அழுதுரு"ன்னு உலுக்குனாங்க. அவ உலுக்குன பக்கம் ஆடிட்டுத் திரும்ப நேரா நின்னுக்கிட்டா. "எனக்கு ஒண்ணும் தெரியலக்கா, மரத்துப் போனாப்ல இருக்கு"ன்னு என்கிட்ட மட்டும் சொன்னா. வந்த சனம் எல்லாம் கருமாதி முடிஞ்சு ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போச்சு. எழவு வீட்டுல இருந்து கிளம்பும்போது போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுல்ல, அப்படியே சொல்லாமக் கொள்ளாமத்தான் போகணும், எல்லாரும் அப்படியே போனாங்க, நானும் அப்படியே இறங்கி வந்தேன். அவளுக்கு முதுகு முதுகாப் பாத்ததுதான் மிச்சம்.

மறுநாள் சாயங்காலம் நான் கிரைண்டர்ல இருந்து மாவை வழிச்சுக்கிட்டு இருக்கேன், ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் மாவு, திடீர்னு தரையில இருந்து ஒரு சாண் உசரம் எழும்பி, அந்தரத்துல ஒரு நொடி நின்னு, திரும்பக் கீழ வந்து நிக்கிறேன். சரி, தலைசுத்தல், இன்னைக்கு ஒழுங்காச் சாப்பிடலன்னு நினைச்சு வாசலுக்கு வந்தா, எதிர்த்த வீட்டு மூக்கம்மாளும் வாசல்ல நின்னு தன் காலையே குனிஞ்சு பாத்துக்கிட்டு நிக்கிறா. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கும்போதே திரும்ப எழும்பினோம். படியில ஏறினவரு படியை விட்டு எழும்பினாரு, கட்டில்ல படுத்தவரு கட்டிலை விட்டு எழும்பினாரு, பிளாக்கு நாய் நாலு காலையும் விரிச்சு எழும்புச்சு. மூணாவது மாடியில இருந்து டிங்கு டிங்குனு ஒரு சத்தம். ஒவ்வொரு டிங்குக்கும் நாங்க ஒரு எழும்பு.

கருமாதி முடிஞ்ச வீட்டுல, புருசன் நாற்காலியில, அந்தப் பொத்தான் வெச்ச ரிமோட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு ரூபாவதி ஆடிக்கிட்டு இருந்தா. கட்டையன் தாவுறப்பல்லாம் பி பிளாக்கு தாவுச்சு. பொத்தானை லேசாத் தொட்டா விரல் அளவு, அமுக்கிப் பிடிச்சா முழங்கால் அளவு. அவ மட்டும் எழும்பல. நாற்காலியில வெச்ச அம்மிக்கல்லு மாதிரி உக்காந்திருந்தா.

ஏன், எப்படின்னு எல்லாம் எங்ககிட்ட கேக்காதீங்க. தண்ணி ஏன் மேல ஏறலைன்னு கேட்டுக் கேட்டே எங்களுக்கு வாய் வலிச்சுப் போச்சு, இதை வேற யாரைப் போய்க் கேக்க. ஒரு இன்ஜினியர் வந்தாரு, சுவத்தைத் தட்டிப் பாத்தாரு, தட்டும்போதே எழும்பினாரு, இறங்கினதும் பில்டிங்கு நல்லாத்தான் இருக்குன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாரு. கேமராவோட ஒருத்தன் வந்தான். அன்னைக்கு ரூபாவதிக்குத் தலைவலி, ஆடல. அவன் எங்களைக் கிறுக்குக் கூட்டம்னு நினைச்சுப் போயிட்டான்.

அவகிட்ட நிறுத்துன்னு யாரும் சொல்லல. துக்க வீட்டுல அந்த ஒரு வருசம் போய், இது செய்யாத அது செய்யாதன்னு யாரு சொல்லுவா. அதனால நாங்க பழகிக்கிட்டோம். மனுசன் எதுக்குத்தான் பழகல. அவ சாயங்காலம் காபி குடிச்சிட்டுத்தான் உக்காருவான்னு தெரிஞ்சதும் அதுக்கு முன்னாடியே குழம்பை இறக்கி வெச்சோம், சவரத்தைக் காலையிலயே முடிச்சோம், ஊசியில நூல் கோக்குறதை மறுநாளைக்குத் தள்ளினோம். முட்டிவலிக்காரங்களுக்கு எல்லாம் கொண்டாட்டம், அந்தரத்துல நிக்கிற அந்த ஒரு நொடி வலியே இல்லையாம், நாலு மணி ஆனதும் நடையில வந்து வரிசையா நின்னுக்கிட்டு, "இன்னும் அந்தப் புள்ள உக்காரலையா?"ன்னு கேப்பாங்க. மூக்கம்மா மக செண்பகத்தைப் பொண்ணு பாக்க வந்தாங்க, பொண்ணு காபித் தட்டோட வந்து நிக்கவும் எல்லாருமா எழும்பவும் சரியா இருந்துச்சு. "அடி ஆத்தி, பொண்ணு வந்த நேரம் நம்மளத் தூக்கி நிறுத்துதே!"ன்னு மாப்பிள்ளையோட அம்மா அங்கேயே பூ வெச்சுட்டுப் போயிட்டா. சர்க்கரை தூக்கலாப் போட்ட காபிக்கே சம்பந்தம் முடியுது, இதுக்கு முடியாதா.

இதுல ஞானாதிக்கம் அண்ணனுக்குத்தான் உறக்கம் போச்சு. குடியிருப்போர் சங்கத் தலைவர். அம்புட்டு வருசமும் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, இன்னமும் சட்டைப் பையில விசில் வெச்சிருப்பாரு. ஆளுக பிடிமானம் இல்லாம நிக்கிறதைக் கண்டா அவருக்கு ஆகாது. எங்கேயோ உடைக்கப் போட்ட பழைய பஸ்ஸுல இருந்து கைப்பிடி, கம்பி எல்லாத்தையும் கழட்டிக் கொண்டாந்து, தானே ஸ்டூல் போட்டு ஏறி, பிளாக்கு பூரா மாட்டிட்டாரு. டிங்குனு சத்தம் கேட்டா விசில் ஊதி, "பிடிச்சுக்கங்க, பிடிச்சுக்கங்க! யம்மா, அந்தப் பச்சைச் சேலை, கம்பியைப் பிடிங்க!"ன்னு படிக்கட்டுல நின்னு கத்துவாரு. நாங்களும் பிடிச்சுக்கிட்டோம். பிடிச்சா எழும்ப மாட்டோம், குதிகால் மட்டும் லேசாத் தூக்கும், அம்புட்டுத்தான். குழம்பு சிந்தல, கண்ணாடி உடையல. அண்ணன் வாழ்கன்னு சொல்லிட்டு அவங்கவங்க சோலியைப் பாத்தோம். மாவுல கை வெச்சிருக்கிற நான் ஒருத்திதான் பிடிக்க வழியில்லாம எழும்பிக்கிட்டே கிடந்தேன்.

நான்தான் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோவேன். முதல் தடவை அவ ஆடும்போது உள்ள போனேன், அவ கண்ணு முன்னாடியே எழும்பி இறங்கினேன். திரும்பிப் பாத்தா.

"அக்கா, நீங்க எழும்புறீங்க."

"ஆமா. நீ அமுக்குனா எழும்புவோம். பிளாக்கே எழும்புது."

"ஓ"ன்னா. அம்புட்டுத்தான். வெயில் அடிக்குதுன்னு சொன்னாக்கூட அதுக்கு மேல ஏதாச்சும் கேட்டிருப்பா. "நான் எழும்பலையேக்கா"ன்னு கொஞ்சம் கழிச்சு சொன்னா, சொல்லிட்டுத் திரும்ப ஆடினா. தட்டை வெச்சுட்டு, வழக்கம்போல ஒண்ணும் சொல்லாம இறங்கி வந்தேன்.

மாசம் போகப் போக, குரங்கைத் தாண்டினா, குக்கர் மூடியைத் தாண்டினா, மொட்டை மாடிக்கே வந்துட்டா. அங்கதான் மாட்டிக்கிட்டா. மொட்டை மாடி விளிம்புல இருந்து எதிர்த்தாப்ல இருக்கிற தண்ணித் தொட்டிக்கு ஒரு தாவு தாவணும், தொட்டியில இருக்கு அந்தக் கதவு. கட்டையன் ஓடி வருவான், தாவுவான், தொட்டி விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ மோதி, குடத்தோட விழுவான். டொய்ங். திரும்பக் கீழேயிருந்து. ஒரு நாளா, ரெண்டு நாளா, தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு, சித்திரைத் திருவிழாவும் போச்சு, நாங்க பாட்டுக்கு ஊரைச் சுத்திட்டு வந்தோம், அவ ஓடி வந்து தாவி விழுந்துக்கிட்டே இருந்தா. கோவப்படல, ச்சேன்னு ஒரு சத்தம் கூட விடல. விழுந்தா, திரும்ப ஏறுவா, அதே மூஞ்சி.

"ஆரம்பத்துல நல்லா உசரமாத் தாவுவான்க்கா. இப்ப என்னமோ தாவவே மாட்டேங்கிறான்"னு ஒருநாள் சொன்னா. எனக்கு அப்ப உறைக்கல. மெசினு பழசாச்சு போலன்னு நினைச்சேன்.

ஓசூர்ல இருக்கிற அவ அண்ணன் போன் போட்டான். தலைத்திவசம் முடிஞ்ச கையோட வீட்டைக் காலி பண்ணிட்டு அங்க வந்துரணும், அந்தப் பழைய கம்ப்யூட்டர்ப் பொட்டியை எடைக்குப் போட்டுரணும்னான். அவ சரின்னுட்டா. போனை வெச்சுட்டு என்கிட்ட, "அக்கா, அந்தக் கதவுக்குள்ள என்னன்னு மட்டும் பாத்துட்டாப் போதும். எனக்குன்னு வெச்சிருக்கேன்னு சொன்னாரு. அதைக்கூடப் பாக்காமப் போறேன்"னா. குரல்ல ஏத்த இறக்கமே இல்ல.

செண்பகம் கல்யாணம் திவசத்துக்கு முந்தின வாரம். பிளாக்கு முன்னாடியே பந்தல் போட்டு, பிளாக்கு பூரா பந்தியில உக்காந்திருந்துச்சு. ரூபாவதி வரக் கூடாதுன்னு யாரும் சொல்லல, வான்னும் யாரும் சொல்லல, நம்ம சனத்துக்கு இதுல எல்லாம் ரொம்ப நல்ல மனசு பாருங்க. நான் எரிச்சலோட ஒரு இலைச் சாப்பாட்டை எடுத்துக்கிட்டு மேல போனேன். அவ ஆடிக்கிட்டு இருந்தா. கட்டையன் ஓடி வந்தான், தாவினான். எம்புட்டு உசரம்! தொட்டி விளிம்புல கையே வெச்சுட்டான், வெச்சு வழுக்கித்தான் விழுந்தான். அதே நேரம் நான் கதவு நிலை தலையில இடிக்கிற அளவு எழும்பினேன், கீழ பந்தல்ல இருந்து ஐயோ பாயாசம்னு ஒரு கூச்சல். திரும்பக் கீழேயிருந்து ஏறி வந்து அடுத்த தாவு, பழையபடி ஒரு விரக்கடை கம்மி.

சன்னல் வழியாக் கீழ எட்டிப் பாத்தேன். பந்தியில அம்புட்டுப் பேரும் எச்சிக் கையோட மேசையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. சாப்பிடுற கைக்கு ஏது பிடிமானம், அந்தப் பெரிய தாவுக்கு யாரும் எதையும் பிடிக்கல. அப்பத்தான் இந்த மண்டையில ஏறுச்சு. கட்டையன் தாவுறதால நாங்க எழும்பல, நாங்க எழும்புற அளவுதான் அவனுக்குத் தாவ முடியும். ஒரு வருசமா அந்தப் பயலைக் காலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தது நாங்கதான்.

பாவி மக்கா, பாயாசத்துக்குப் பதறினீங்களேன்னு நான் கீழ போய்க் கத்தினது கல்யாண வீடியோவுல இன்னமும் இருக்கு.

திவசத்துக்கு முதல்நாள் சாயங்காலம் எல்லாரையும் வரச் சொன்னேன். வராதவங்க வீட்டுக்கு இனிமே மாவு கிடையாதுன்னும் சொன்னேன். வந்தாங்க. படிக்கட்டுல, நடையில, மொட்டை மாடியில, கையை வீசிக்கிட்டு நின்னாங்க. கைப்பிடி எல்லாம் தலைக்கு மேல சும்மா தொங்குச்சு. நான் மேல ரூபாவதி பக்கத்துல நின்னுக்கிட்டேன். அமுக்குன்னேன். கட்டையன் ஓடி வந்து, தாவி, விளிம்பைத் தொட்டு, வழுக்கி, டொய்ங்.

நடைக்கு வந்து எட்டிப் பாத்துக் கத்தினேன். "எவன்டா அது இன்னும் பிடிச்சிருக்கிறது?"

எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினாங்க. படிக்கட்டுக்கு அடியில ஞானாதிக்கம் அண்ணன் நின்னாரு. கம்பியைப் பிடிச்ச முஷ்டி வெளுத்துப் போயிருந்துச்சு.

"என்னால முடியல பஞ்சவர்ணம்"னாரு. "ஒரு காலேஜ் புள்ள. என் வண்டியில. படியில நின்னு கூட்டாளிக்கு டாட்டா காட்டுச்சு, கையை விட்டுருச்சு. நான் உள்ள டிக்கெட் கிழிச்சுக்கிட்டு இருந்தேன். பிடிச்சுக்கம்மான்னு ஒரு வார்த்தை நான் சொல்லல." எங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அம்புட்டு வருசம் ஒரே பிளாக்குல இருந்தும் தெரியாது. விசில் ஊதுறாரேன்னு சிரிச்சிருக்கோம்.

மெதுவாத்தான் சொன்னேன். "அண்ணே, இது பஸ்ஸு இல்ல. நம்ம வீடு. விழுந்தா நம்ம ஆளுக மேலதான் விழுவோம்."

அவரு கம்பியைப் பாத்தாரு. ஒவ்வொரு விரலா எடுத்தாரு. பையில இருந்து விசிலை எடுத்து, கன்னம் உப்ப ஊதி, "எல்லாரும் கையை விடுங்க! ரைட்!"னாரு.

ரூபாவதி திரும்பக் கீழேயிருந்து ஏறி வந்தா. குரங்கைத் தாண்டி, மூடியைத் தாண்டி, சேலையைத் தாண்டி, மொட்டை மாடி நெடுக ஓடி வந்து, பொத்தானை அமுக்கிப் பிடிச்சா.

எழும்பினோம். ஒரு சாண் இல்ல, முழம் இல்ல, ஆள் உசரத்துக்கு எழும்பினோம். மொட்டை மாடியில நின்னவங்களுக்கு பைபாஸ் ரோடு, ஆத்துப் பாலம் எல்லாம் தெரிஞ்சுச்சாம். எனக்கு ஃபேன் றெக்கைதான் தெரிஞ்சுச்சு, நல்லவேளை கரண்டு சிக்கனம்னு அவ போட்டு வைக்கல. அங்க இருந்தே பாத்தேன். கட்டையன் தொட்டி மேல ரெண்டு காலையும் வெச்சு நின்னான். கதவு திறந்துச்சு.

உள்ள இருந்தது அவங்க வீடு. கட்டம் கட்டமா, அதே நீலத் திரை, அதே நாற்காலி. குளிச்சிட்டு வந்த ஈரத் தலையில துண்டைச் சுத்திக்கிட்டு ஒரு புள்ளிப் பொம்பளை நின்னா. கட்டையன் குடத்தை இறக்கி அவ காலடியில வெச்சான். ஒரு குடம் பத்துமா, அடுத்த குடத்துக்குப் போகணும்ல, திரும்பி வாசல்கிட்ட வந்து நின்னான். அவன் தலைக்கு மேல எழுத்து வந்துச்சு.

போயிட்டு வரேன்.

அதுக்குக் கீழ, இவ பதில் சொல்றதுக்கு ஒரு பொத்தான். வேற ஒண்ணும் இல்ல. இதுக்குத்தான் இம்புட்டுப் பாடு.

ரூபாவதி அமுக்கல. உக்காந்து அந்த எழுத்தையே பாத்தா. அவ அமுக்குற வரைக்கும் நாங்க இறங்கல. பி பிளாக்கு மொத்தமும் அந்தரத்துல நின்னுச்சு, கைக்குழந்தை முதக்கொண்டு, நாய் முதக்கொண்டு. இருட்டிக்கிட்டு வந்துச்சு. யாரோ அடுப்புல பால் வெச்சிருப்பாங்க போல, பொங்கித் தீயுற வாடை வந்துச்சு. ஒருத்தர் கூட ஏ புள்ள சீக்கிரம்னு சத்தம் குடுக்கல. அந்த வீட்டுல ஒரு வருசமா ஒருத்தரும் சொல்லாத வார்த்தை, போனவரும் சொல்லாமப் போன வார்த்தை, அது முன்னாடி அவ உக்காந்திருக்கா, அவசரப்படுத்த யாருக்கு மனசு வரும்.

அப்புறம் வாயைத் திறந்தா. "பாத்துப் போயிட்டு வாங்க"ன்னா. அடுப்படியில இருந்து சொல்ற மாதிரி, சத்தமா. சொல்றப்ப நாற்காலி கீழேயே நின்னுச்சு, அவ எழும்பி இருந்தா. ஒரு விரக்கடைதான், நான் பாத்தேன். அமுக்கினா. கட்டையன் வாசலைத் தாண்டிப் போனான். நாங்க எல்லாரும் மெதுவா, தண்ணிக்குள்ள காலை வைக்கிற மாதிரி, தரையில வந்து நின்னோம்.

அதுக்கப்புறம் நாங்க எழும்பவே இல்ல.

எந்திரிக்கப் பாத்தவ தொப்புனு உக்காந்துட்டா. "அக்கா, கால் மரத்துப் போச்சு"ன்னா. வருசம் பூரா உக்காந்தே இருந்த காலு. நான் தரையில உக்காந்து அவ பாதத்தை மடியில எடுத்து வெச்சு, மாவு வழிக்கிற கையாலேயே தேய்ச்சேன். "எறும்பு ஊருதுக்கா"ன்னா. இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். "அக்கா, வலிக்குது"ன்னா. வலிக்கட்டும்டின்னேன். "வலிக்குதுக்கா, வலிக்குதுக்கா"ன்னு என் தோள்ல சாஞ்சு, பிளாக்கு முழுக்கக் கேக்குற மாதிரி அழுதா. அவ அழுது முடிக்கிற வரைக்கும் கீழ ஒரு வீட்டுலயும் விளக்குப் போடல, டி.வி. போடல.

மூஞ்சியைக் கழுவிவிட்டு, ரெண்டு வாய் சாப்பிட வெச்சு, காலையில திவசத்துக்கு இலை எத்தனை வேணும்னு கேட்டுக்கிட்டு எந்திரிச்சேன். அரிசி ஊறப்போட்டது ஊறினபடி கிடக்கு. வாசல்ல செருப்பை மாட்டும்போது வாய் தன்னால சொல்லிருச்சு.

"போயிட்டு வரேன் ரூபா."

சொன்னப்புறம்தான் எனக்கே திக்குனு ஆச்சு. அவ துண்டால மூக்கைத் துடைச்சுக்கிட்டு நிமிந்து பாத்தா.

"வாங்கக்கா"ன்னா.